ஒரு தடவை இழுத்துப் பார்த்தீங்களா?

நேர்மையா ஒரு கேள்வி கேட்கிறேன், நேர்மையா பதில் சொல்லுங்க. நாலு வருஷமா ட்ரிபிள் ஈ படிக்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரோட ஈக்விவேலன்ட் சர்க்யூட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவோம். ஆனா ஒரு பவர் கேபிளோட முனையைச் சீவி, லக் மாட்டி, கிரிம்ப் பண்ணி, டெர்மினலில் வைத்து முறுக்கியிருக்கீங்களா? உங்க கையால? மெஷின்ஸ் லேப்ல பேட்ச் கார்டு சொருகினதையெல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது.

போன வருஷம் வரைக்கும் என்னோட பதில் "இல்லை". அதுக்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை. அது வயர்மேன் வேலை, நாம இன்ஜினியர் என்கிற நினைப்பு. அந்த நினைப்பு தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ட்ரிபிள் ஈ மட்டும் இல்லை, மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ், ஈ.சி.ஈ. நண்பர்களும் படிங்க. மெஷின் எதுவா இருந்தாலும் அதுக்குள்ளே போற வயர் எங்கேயோ ஒரு ஸ்க்ரூவில் தான் போய் முடியுது.

என் ஊர் சின்னசேலம் பக்கம். கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றதும் வெளியூர் நண்பர்களுக்குக் கல்வராயன் மலையும் மேகம் அருவியும் ஞாபகம் வரும். எங்களுக்கு அதோட சேர்ந்து ஆலைகளும் ஞாபகம் வரும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகள், சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள். மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு லாரியில் ஏறிக் கீழே வரும். இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்குச் சென்னை கம்பெனி எதுவும் கிடைக்காததால், போன டிசம்பரில் பத்து நாள் ஒரு சேகோ ஆலையில் போய் நின்னேன். சர்டிஃபிகேட் கிடைச்சா போதும் என்பதுதான் பிளான்.

ஆலை முதலாளி என்னை அங்கிருந்த வயர்மேன் அண்ணாகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டார். அண்ணாவுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஊர். ஐ.டி.ஐ. முடிச்சு, வயர்மேன் லைசென்ஸ் வாங்கி, பத்துப் பதினைந்து வருஷமா இதே வேலை. என்னைவிட வயசுல ரொம்பப் பெரியவர், ஆனா முதல் நாள் என்னை "சார்"னு கூப்பிட்டார். நானும் வேண்டாம்னு சொல்லலை.

இரண்டாம் நாள் ஒரு மோட்டார் மாத்தினாங்க. மெயினை ஆஃப் பண்ணி, ஃபியூஸ் கேரியர் மூணையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்தபிறகுதான் அண்ணா கையை உள்ளே விட்டார். கேபிள்ல ரெண்டு கோரை அவர் முடிச்சுட்டு, மூணாவதை என்கிட்ட நீட்டினார். "நீங்க ஒண்ணு போடுங்க சார்."

நான் கத்தியை வைத்துச் சீவினேன். நாலஞ்சு கம்பி இழை அறுந்துபோச்சு. மிச்சமும் லக்குக்குள்ள நுழையலை, அதனால இன்னும் ரெண்டு மூணு இழையை நானே வெட்டிட்டேன். கிரிம்பிங் டூலில் எந்த டை போடணும்னு தெரியாது, கையில் கிடைச்சதைப் போட்டு அமுக்கினேன். வெளியிலிருந்து பார்க்க நல்லாத்தான் இருந்தது. அண்ணா ஒண்ணும் சொல்லாம ஒரு கையில் கேபிளையும் மறு கையில் லக்கையும் பிடிச்சு ஒரு இழு இழுத்தார். லக் அவர் கையோட வந்துடுச்சு.

அவர் சிரிக்கலை. "இதை மாட்டிவிட்டா இன்னிக்கு ஓடும் சார். நாளைக்கும் ஓடும். அடுத்த மாசம் எரியும். எரிஞ்சா நீங்க இங்க இருக்க மாட்டீங்க, நான்தான் இருப்பேன்" என்றார். அன்றைக்கு அஞ்சு தடவை திரும்பத் திரும்பச் செஞ்சேன். அஞ்சாவது லக் இழுத்தும் வரலை. அதுக்கப்புறம்தான் என்னைத் "தம்பி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சார்.

"எரியும்"னு அவர் சும்மா சொல்லலை. அதுக்கு முந்தைய சீசனில் அந்த ஆலையில் நடந்ததை அப்புறம் சொன்னார். கிழங்கு அரைக்கும் மோட்டாரோட ஸ்டார்ட்டரில் ஒரு ஃபேஸ் மட்டும் சுடுது, வயர் நிறம் மாறுது, நிறுத்திட்டு லக்கை மாத்தணும்னு அவர் முன்னாடியே சொல்லியிருக்கார். லோடு நிறைய நிக்குது, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்பது பதில். ஒரு ராத்திரி அந்த டெர்மினல் எரிஞ்சு, பக்கத்துக் கான்டாக்டரும் கருகி, ஒரு ஃபேஸ் போன மோட்டார் உறுமிக்கிட்டே நின்னு காயிலும் போச்சு. யாருக்கும் அடிபடலை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆலை மூணு நாள் நின்னது. மரவள்ளியைப் பிடுங்கினபிறகு ரொம்ப நாள் வைக்க முடியாது, ரெண்டு மூணு நாளில் உள்ளே கறுக்க ஆரம்பிக்கும். விலையும் வெறும் எடைக்கு இல்லை, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான். கேட்டுக்கு வெளியே லாரியில் நின்ற கிழங்கு அண்ணாவோட சொந்தக்காரங்க ஊர்க் கிழங்கு. தினக்கூலிக்கு வந்தவங்களுக்கு மூணு நாள் கூலி இல்லை. கடைசியில் எல்லாரும் சொன்னது ஒரே வரி: "வயர்மேன் சரியா டைட் பண்ணலை."

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். ஏன் இப்படி எரியுது? கணக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஐ ஸ்கொயர் ஆர் தான்.

30 எச்.பி. மோட்டார் ஒன்று 415 வோல்ட்டில் சுமார் 40 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் டெர்மினலில் ஒரு நல்ல இணைப்போட மின்தடை 1 மில்லி ஓம் என்று வைத்தாலும், அங்கே வீணாகும் சக்தி 1.6 வாட். கையில் தொட்டால்கூடத் தெரியாது. அதே இணைப்பு தளர்ந்து, அழுக்கேறி, 50 மில்லி ஓம் ஆயிடுச்சுன்னா 80 வாட். நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேப்ல இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் மூணை ஒரே ஸ்க்ரூ மேல ராத்திரி பகலா வச்சிருக்கிற மாதிரி. சூடானால் உலோகம் விரியும், மோட்டார் நின்னா சுருங்கும். விரிந்து சுருங்கி இன்னும் தளரும், மேலே ஆக்சைடு படியும், மின்தடை ஏறும், சூடு இன்னும் ஏறும். இந்தச் சுற்று தானா நிக்காது.

நான் இதுல கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கு. அந்த 50 மில்லி ஓமில் விழும் வோல்டேஜ் எவ்வளவு? வெறும் 2 வோல்ட். 415-ல் 2 வோல்ட் குறைஞ்சா எந்த மோட்டாரும் கண்டுக்காது. கரண்ட்டும் அதே 40 ஆம்பியர்தான். அப்போ ஃபியூஸ் போகாது, எம்.சி.பி. விழாது, ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகாது. இதெல்லாம் கரண்ட் கூடினால் பிடிக்கிற காவல்காரங்க. லூஸ் கனெக்ஷன் கரண்ட்டைக் கூட்டாமலேயே எரிக்குது. பேனல் போர்டுல இருக்கிற சாதாரண புரொடெக்ஷன் எதுக்கும் இது தெரியாது. ஒரு மனுஷன் போய்ப் பார்த்தால்தான் தெரியும். புரொடெக்ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர் பேப்பரில் நல்ல மார்க் வாங்கின எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அந்த அண்ணா.

"சின்ன ஆலை, பழைய பேனல், அதான் இப்படி"ன்னு நினைக்கிறீங்களா? அப்போ பால்டிமோருக்குப் போவோம். 2024 மார்ச் 26 அதிகாலை, 'டாலி' என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. சுமார் 300 மீட்டர் நீளமான கப்பல். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். பாலத்தை நெருங்கும்போது கப்பலில் கரண்ட் போச்சு. திரும்பி வந்தது, மறுபடியும் போச்சு. கட்டுப்பாடு இழந்த கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தோட தூணில் மோதி, பாலம் சரிந்தது. ராத்திரி வேலையாகப் பாலத்து ரோட்டைச் சரிசெய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனாங்க.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் விசாரித்தது. 2025 நவம்பரில் சொன்ன முடிவு: முதல் தடவை கரண்ட் போகக் காரணம் ஒரே ஒரு சிக்னல் வயர். அது டெர்மினல் பிளாக்கோட ஸ்பிரிங் கிளாம்புக்குள் முழுசாப் போகவில்லை. ஏன் போகவில்லை? வயர் எண்ணைக் காட்ட மாட்டுகிற லேபிள் வளையம், நம்ம பேனல் கடையில் ஃபெரூல்னு சொல்வாங்களே அதே மாதிரி ஒன்று, தப்பான இடத்தில் இருந்ததால் வயரை முழுசா நுழைய விடாமல் தடுத்தது. வயர் தளர்ந்ததும் பிரேக்கர் திறந்தது, கப்பல் இருண்டது. இரண்டாவது தடவை கரண்ட் போனதுக்கு எரிபொருள் பம்ப் சம்பந்தமான வேறு காரணம் உண்டு, பாலத்துக்குப் போதுமான தடுப்பு இல்லாததும் சேர்ந்தது. ஆனா எல்லாம் ஆரம்பித்த இடம் அந்த ஒரு வயர். ஈஃபிள் கோபுரத்தில் ஒரு தளர்ந்த ரிவெட்டைத் தேடுவது போன்ற வேலை அதைக் கண்டுபிடித்தது என்று அந்த வாரியத் தலைவரே ஒப்பிட்டார். மாட்டின அன்னிக்கு யாராவது அந்த வயரைப் பிடிச்சு ஒரு இழு இழுத்திருந்தா கையோட வந்திருக்கும்.

ஆராய்ச்சி உலகமும் விதிவிலக்கு இல்லை. ஜெனிவா பக்கத்தில் இருக்கிற லார்ஜ் ஹாட்ரான் கொலைடர் தொடங்கின சில நாளிலேயே, 2008 செப்டம்பர் 19-ல், இரண்டு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஒரு மின் இணைப்பு கெட்டு, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறியது. மெஷின் மறுபடி ஓட ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

அப்படின்னா ஒரு இணைப்பை எப்படிச் சோதிக்கிறது? அண்ணா செய்யறதைப் பார்த்து நான் எழுதிக்கிட்டது இது.

ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சுடும். லோடு ஓடும்போது டாங் டெஸ்டரில் மூணு ஃபேஸோட கரண்ட்டையும் பார்ப்பார். மூணும் ஏறக்குறைய சமமா இருக்கணும். பெரிய ஆலைகளில் தெர்மல் கேமரா வச்சு டெர்மினலோட சூட்டைப் பார்ப்பாங்க. அங்கேயும் விஷயம் ஒப்பீடுதான்: ஒரே லோடு, ஒரே சைஸ், மூணு டெர்மினலில் ஒண்ணு மட்டும் ஏன் அதிகம் சுடுது? அண்ணாகிட்ட கேமரா இல்லை. கதவைத் திறந்ததும் மூக்கை வச்சு ஒரு மோப்பம் பிடிப்பார். பேக்கலைட் கருகினால் ஒரு வாசனை வரும், ஒருமுறை பிடிபட்டால் மறக்காது.

அப்புறம் ஆஃப், ஃபியூஸ் கேரியர் பையில், டெஸ்டர் வைத்து சப்ளை இல்லைன்னு உறுதி. அதுக்கப்புறம் கண். இன்சுலேஷன் பழுப்பாகி, இறுகிப்போயிருக்கா? லக்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கா? ஸ்க்ரூ செம்பைக் கடிக்காமல் இன்சுலேஷனைக் கடிச்சிருக்கா? வெளியே ஒரு இழை நீட்டிக்கிட்டு இருக்கா? அப்புறம் கை. ஒவ்வொரு வயரா ஒரு இழு. கடைசியாத்தான் ஸ்பேனர். அதுலயும் "பலம் காட்டாதே தம்பி" என்பார். அதிகம் முறுக்கினால் மரை போகும், பித்தளை விரிசல் விடும். அதுக்குத்தான் டார்க் ஸ்பேனர். டெர்மினல் கம்பெனி இத்தனை நியூட்டன் மீட்டர்னு போட்டிருப்பாங்க. முறுக்கி முடிச்சதும் போல்ட்டுக்கும் லக்குக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போட்டா, அடுத்த தடவை கோடு விலகியிருக்கிறதைப் பார்த்தே போல்ட் சுத்தியிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.

இதுல ஒவ்வொன்றுக்கும் பின்னால் நம்ம பாடம் இருக்கு. அலுமினியம் கேபிளைச் செம்பு பஸ்பாரில் நேரா வைத்தால், சேகோ ஆலை மாதிரி எப்பவும் ஈரமா இருக்கிற இடத்தில் அரிப்பு வரும், அதனால பை-மெட்டல் லக் வேணும். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நகரும், அதனால காலப்போக்கில் பிடி தளரும். பல இழை வயருக்கு ஈயம் வச்சு ஸ்க்ரூவுக்குக் கீழே விடுவது தப்பு, ஈயமும் மெல்ல அமுங்கி இடம் கொடுக்கும். முனைக்குச் சரியான சைஸ் ஸ்லீவ் போட்டு கிரிம்ப் பண்ணணும். மெட்டீரியல் சயின்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், மெஷின்ஸ் எல்லாம் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் சேர்ந்து நிக்குது.

நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸோட டெஃபனிஷனை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுவேன், ரெண்டு மார்க். ஆனா அந்த ரெசிஸ்டன்ஸ் என் கண்ணெதிரே லக்கோட கையில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியலை. அண்ணாவுக்கு அந்த டெஃபனிஷன் தெரியாது, ஆனா ஒய் ஃபேஸ் சுடுதுன்னு எரியறதுக்கு முன்னாடியே சொன்னவர் அவர். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதைச் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள். சம்பளமும் நாற்காலியும் மட்டும் ஒரு பக்கமே போகுது.

"நாம டிசைன் பண்ணப் போறோம், முறுக்குறதுக்கு ஆள் இருப்பாங்க" என்பது நீங்க சொல்லப்போற முதல் பதில். சரி, டிசைனையே எடுத்துக்குவோம். அந்த ஆலையில் ஒரு பேனல் இருக்கு. கீழ் வரிசை டெர்மினலுக்கும் கேபிள் நுழையும் கிளாண்ட் தகட்டுக்கும் நடுவே ஒரு கை போக இடமில்லை. ஸ்பேனரைக் கால் சுத்துக்கு மேல திருப்ப முடியாது. வரைந்தவர் கம்ப்யூட்டரில் வரைந்திருப்பார், அங்கே எல்லாம் அழகா உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை தன் கையால் அந்த டெர்மினலை முறுக்கியிருந்தால் இன்னும் ஒரு சாண் இடம் விட்டிருப்பார். எரிஞ்சா பழி வயர்மேனுக்கு, ஆனா தப்பு வரைபடத்திலேயே ஆரம்பிச்சிருக்கு. கனெக்ஷன் போடத் தெரியாதவர் நல்ல பேனல் வரைய முடியாது என்பது என் கருத்து. மறுக்கிறவங்க அடுத்த இதழில் எழுதுங்க, படிக்கிறேன்.

ரெண்டாவது பதில், "நான் ஐ.டி.க்குப் போறேன்." போங்க. சர்வர் ரூமிலும் கரண்ட் டெர்மினல் வழியாத்தான் வருது. சோலாரில் எம்.சி.4 கனெக்டரை வேற வேற கம்பெனி ஆணையும் பெண்ணையும் சேர்த்து மாட்டினால், பார்க்கப் பொருந்தும், உள்ளே சரியாப் பிடிக்காது, கூரையில் தீ வரைக்கும் போகும். உங்க வீட்டுக் கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை யோசிச்சுப் பாருங்க. வயரை வெறும் கையால் முறுக்கி, மேலே டேப் சுத்தின ஜாயிண்ட் இல்லாத தோட்டம் நம்ம மாவட்டத்தில் எத்தனை இருக்கும்?

அதனால நான் கேட்கிறது ஒண்ணுதான். எல்லா கோர் டிபார்ட்மென்ட்டிலும், நாலாவது வருஷத்துக்குள்ள, மூணு மணி நேரத்தில் ஒரே ஒரு லேப். ஒவ்வொரு மாணவரும் மாணவியும் மூணு இணைப்பு போடணும்: சரியான டையில் கிரிம்ப் பண்ணின லக் ஒண்ணு, கட்டிங் பிளையரில் நசுக்கின லக் ஒண்ணு, கையால் முறுக்கி டேப் சுத்தினது ஒண்ணு. மூணிலும் லேப் டி.சி. சப்ளையில் 10 ஆம்பியர் விட்டு, குறுக்கே மில்லி வோல்ட் அளக்கணும். 1 மில்லி ஓமுக்கு 10 மில்லி வோல்ட் காட்டும், சாதா மல்டிமீட்டரே போதும். நானும் ரெண்டு நண்பர்களும் இந்த செமஸ்டரில் ஒரு சாயங்காலம் பர்மிஷன் வாங்கிச் செஞ்சு பார்த்தோம். நல்ல கிரிம்பில் வயரை எவ்வளவு ஆட்டினாலும் மீட்டர் அசையலை. முறுக்கின ஜாயிண்ட்டில் வயரை லேசாத் தொட்டதுமே எண் துள்ளிச்சு. நாலு வருஷத்தில் நான் பார்த்த நல்ல லேப் அதுதான்.

செலவு பெருசா இல்லை. ஒரு கிரிம்பிங் டூல், ஒரு டப்பா லக், துண்டு கேபிள். சப்ளையும் மீட்டரும் ஏற்கெனவே இருக்கு. அந்த லேபை எடுக்க வெளியிலிருந்து ஒரு லைசென்ஸ் வயர்மேனைக் கூப்பிடணும், கெஸ்ட் லெக்சருக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதையோட, அதே சால்வையோட, அதே சன்மானத்தோட. இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதைப் படிச்சுட்டு யாரும் ஹாஸ்டல் போர்டைத் திறந்துடாதீங்க, ப்ளீஸ். சப்ளை இருக்கிற பேனலில் கை வைக்க லைசென்ஸும் அனுபவமும் வேணும், அதுக்குத்தான் மின் உரிமம் வழங்கும் வாரியம்னு ஒண்ணு இருக்கு. பழகுறது லேபில், சப்ளை இல்லாத கேபிளில், பக்கத்தில் தெரிஞ்சவர் நிற்கும்போது.

டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கேன். இதுவரைக்கும் மூணு கையெழுத்து இருக்கு. ஃபைனல் இயர் நமக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், நமக்கு அந்த லேப் கிடைக்காமல் போகலாம், ஜூனியர்ஸுக்குக் கிடைக்கட்டும். இந்த வாரம் சாயங்காலம் நாலரைக்கு மெஷின்ஸ் லேப் வாசலில் இருப்பேன். கையெழுத்துப் போட வர்றவங்களுக்காக லக்கும் கேபிளும் கொண்டு வர்றேன். போட்டுப் பாருங்க, அப்புறம் பிடிச்சு ஒரு இழு இழுங்க. கையோட வந்தால் கையெழுத்துப் போடுங்க.